பிரேக் நிதியும் பச்சைக் கட்டையும்

என் காரின் பிரேக் முழுவதும் தேய்ந்துவிட்டது என்று கட்டுகஸ்தோட்டை கராஜ் பாஸ் சொன்னபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். என் மூளையில் கோளாறு எதுவும் இல்லை. நான் அப்போது ஒரு சங்கத்தில் அங்கத்தவனாக இருந்தேன், அதுதான் காரணம்.

நாங்கள் பாஸ் என்று கூப்பிடும் அந்த மெக்கானிக் சிங்களவர். தமிழை அளந்துதான் பேசுவார், என்னை நானா, அதாவது அண்ணன், என்பார். பின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவி, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கரியும் செம்புத் துகளும் ஒட்டியிருந்தன. சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற லைனிங் பட்டை போய், அதைப் பிடித்திருந்த செம்பு ஆணிகள்தான் இப்போது இரும்பில் உராய்கின்றனவாம்.

"புது லைனிங் நாப்பத்திரண்டு ரூபா, நானா. இப்படியே ரெண்டு கிழமைக்கு மேல ஓடவேணாம். ஓடினா இங்க வரத் தேவையில்ல, நேரே ஆஸ்பத்திரி," என்றார்.

முப்பத்திரண்டாம் ஆண்டு நாற்பத்திரண்டு ரூபாய் என்பது லேசான காரியம் இல்லை. தேயிலை விலை விழுந்து, கடைத்தெரு தூங்கி, காரில் போனவர்கள் எல்லாரும் நடைதான் உடம்புக்கு நல்லது என்று கண்டுபிடித்திருந்த காலம். அக்குறணையிலிருந்து கண்டிக்கு நாள் முழுக்க ஆள் ஏற்றினால் பெற்றோலுக்குப் போக அரிசிக்கு மிஞ்சும். ஆனாலும் நான் பாஸிடம் சிரித்த முகத்தோடு சொன்னேன்: "பரவாயில்ல பாஸ். எங்கட சங்கத்துல பிரேக் நிதி ஈக்கி."

பாஸ் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கண்டி–அக்குறணை வீதி வாடகை மோட்டார்க்காரர் பரஸ்பர உதவிச் சங்கம் பிறந்த கதையை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அது ஒரு வயலில் பிறந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு அலவத்துகொடை இறக்கத்தில் ஹாஷிமின் கார் பிரேக் பிடிக்காமல் நேரே வயலுக்குள் இறங்கிற்று. பின்னால் வந்த நான் ஓடிப்போய் அவனைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தேன். நானும் அவனும் ஒரே மத்ரசாவில் ஒரே பாயில் இருந்து ஓதியவர்கள். அன்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மர்சூக், பிரேக் போடக் காசில்லாம இனி ஒருத்தனும் மௌத்தாகக் கூடாது," என்றான். அவன் சொன்ன அந்த வார்த்தையிலிருந்துதான் நிதி உண்டாயிற்று. நானே வீடு வீடாகப் போய்ச் சந்தா சேர்த்தேன். ஹாஷிமை அக்கிராசனர் ஆக்கித் தலைமைக் கதிரையில் இருத்தினேன். அதன் பிறகு அவன் மக்காவுக்குப் போய் வந்து ஹாஷிம் ஹாஜியார் ஆனான், ஒரு கார் ஆறு கார் ஆயிற்று, சங்கத்துக்கு மஹய்யாவ மேட்டில் மேல்மாடி வீடு ஒன்றும் வாடகைக்கு எடுக்கப்பட்டது. நான் எனது பழைய காரோடு அப்படியே இருந்தேன்.

அந்த மேல்மாடியில் காரியதரிசி இராமநாதன் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே என் செய்தியைக் கேட்டு, ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. பிரேக் தேயத் தொடங்கிய திகதி. தேயும்போது உடனிருந்த சாட்சிகள் இருவர். தேய்ந்த இடம்.

"தேஞ்ச இடம் பிரேக்குதான்," என்றேன்.

"அது எனக்கும் விளங்குது. எந்த இறக்கத்தில தேஞ்சது எண்டு கேக்கிறம். சங்கத்தின்ர எல்லைக்குள்ள தேஞ்ச தேய்மானத்துக்குத்தான் நிதி." அவர் ஒரு கொப்பியைப் புரட்டினார். "போன வருசம் நீங்கள் தெல்தோட்டைக்குப் பதினொரு தரம் போயிருக்கிறியள். அது வலு மோசமான இறக்கம். எல்லைக்கு வெளியிலயும் கிடக்குது."

"அது நம்மட ஹாஜியார் தோட்டத் துண்டு ஒண்டு பார்க்கோணுமின்டு சொன்னதால கூட்டிக்கொண்டு போனது."

"வாடகை வாங்கினியளோ?"

"கூட்டாளிக்கிட்ட எப்படி வாங்குற?"

"அப்ப அது அன்பளிப்புத் தேய்மானம்," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். "அதுக்குச் சட்டத்தில இடமில்லை."

படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி றமீஸாவிடம் சொன்னேன். "காயிதத்தோட ஏன் மல்லுக்கட்டுறீங்க? ஹாஷிம் நானாக்கிட்ட நேரே போய்ச் சொல்லுங்க. நீங்க இல்லாட்டி அவர் அந்த வயல்லயே கெடந்தீப்பாரு," என்றாள். அவளுக்கு மனிதர்களில் இன்னும் நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது. அதனால் போனேன்.

ஹாஜியார் என்னை அணைத்து சலாம் சொன்னார், பிளேன்டீயும் பனங்கட்டியும் தந்தார், பிள்ளைகளை விசாரித்தார். பிறகு சொன்னார்: "இங்க பாரு மர்சூக். நான் ஒனக்குக் கையில தந்தா அது சலுகை. நிதி தந்தா அது உரிமை. ஒன்ட உரிமைய நான் பறிக்க ஏலுமா?"

என் உரிமையைப் பறிக்காத அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை கூடிற்று என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

பாஸ் கொடுத்த இரண்டு கிழமை நாலு கிழமையாகி, ஒரு மாதமே போயிற்று. கார் ஓடாவிட்டால் அடுப்பு எரியாது, ஆகவே ஓடினேன். ஓட முடிந்ததற்குக் காரணம் இராமையா. அவன் என் கிளீனர். தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, மஹய்யாவையில் குடியேறி, நாற்பது வயதைத் தாண்டியவன். மலைநாட்டு வாடகைக் காரெல்லாவற்றிலும் ஒரு பலாக்கட்டை கிடக்கும். இறக்கத்தில் நிறுத்தும்போது கிளீனர் குதித்துச் சக்கரத்தின் கீழே அதை வைப்பான். மற்றவர்கள் நின்ற காருக்குக் கட்டை வைப்பார்கள். இராமையா ஓடுகிற காருக்கு வைப்பான். நான் கியரைக் குறைத்துக் காரை நடை வேகத்துக்குக் கொண்டுவந்ததும் படிப்பலகையிலிருந்து குதிப்பான், பத்தடி கூடவே ஓடுவான், கட்டையைப் பின் சக்கரத்தின் முன்னால் வைத்துவிட்டுக் கையை எடுப்பான். ஒரு குலுக்கலோடு கார் நிற்கும்.

"லைனிங்கு எப்பங்க வருது மொதலாளி?" என்று அவன் தினமும் கேட்பான்.

"வந்திரும் இராமையா."

"வரட்டுங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்ல."

ஐந்தாம் கிழமை, பிரேக் மெய்யாகவே தேய்ந்துள்ளதா என்று நேரில் அறிய உப கமிட்டி வந்தது. ஐந்து பேர். ஹாஜியார் முன்னால் ஏறினார், மற்ற நால்வரும் பின்னால். மஹய்யாவ மேட்டிலிருந்து நகரத்துப் பக்கம் இறங்கச் சொன்னார்கள். நான் பிரேக்கை மிதித்துக் காட்டினேன். என் கால் அடிப்பலகை வரைக்கும் போயிற்று, கார் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. கமிட்டியில் இரண்டு பேர் சாகும்முன் ஓதும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். கியரைப் போட்டு இழுத்துப் பிடித்தேன். இராமையா குதித்து ஓடிக் கட்டையை வைத்தான். கார் நின்றது.

ஐந்து பேரும் இறங்கி வீதியோரத்தில் நின்று உடுப்பைச் சரிசெய்துகொண்டார்கள். பிரேக் இல்லை என்பதை இதைவிட யாரும் நிரூபிக்க முடியாது என்று எண்ணி நான் பெருமையோடு காத்திருந்தேன்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "நாம எல்லாரும் உசிரோட ஈக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அப்ப கார் நின்டீக்கி. கார் நின்டா அதுல நிப்பாட்டுற சாமான் ஒண்டு ஈக்கின்டுதானே அர்த்தம்?"

"அது இராமையா," என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் ஹாஜியார்.

அடுத்த கூட்டத்தில் பிரேக் நிதி திருத்தப்பட்டது. ஹாஜியார் ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு நினைவில் நின்றது இவ்வளவுதான்: "லைனிங் சீமையில இருந்து வருது. நம்மட காசு சீமைக்குப் போகுது. பலாமரம் நம்மட தோட்டத்துல நிக்குது. லைனிங் தேயும். கட்டை தேஞ்சா வெறகாகும். இந்த இராமையாட கால் ஈக்கிதே, அது அல்லாஹ் தந்தது, கடையில வாங்கினதில்ல. அதுக்குத் தேய்மானமே கெடயாது. நாலு வருசமா நிதியில ஒரு சதம் கொறையாமப் பாத்துக்கொண்டீக்கிறேன். அதத் தொடாம அங்கத்தவங்கட உசிரப் பாதுகாக்கிற வழி இப்பதான் கெடச்சீக்கி."

பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது கையைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை.

நிதியைத் தொடக்கூடாது என்பதால் கட்டைத் திட்டத்துக்கு அங்கத்தவர்களிடம் தனிச் சந்தா எடுக்கப்பட்டது. ஹாஜியாரின் தோட்டத்துப் பலாமரம் நியாய விலைக்கு வாங்கப்பட்டது. அவருடைய மருமகன் ஷிராஸ் கட்டைப் பரிசோதகராக நியமனமானார். அதுவரை அவருக்கும் கட்டைக்கும் இருந்த உறவு கட்டிலில் படுப்பதோடு சரி. கட்டைகள் ஒரே அளவில் அறுக்கப்பட்டு, சங்கத்தின் நிறமான பச்சையில் மூன்று பூச்சுப் பூசி, மேலே வார்னிஷ் போட்டு, இலக்கமும் முத்திரையும் குத்தப்பட்டன. முத்திரை இல்லாத கட்டையோடு ஓடுபவருக்குத் தண்டம். இவையெல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆயிற்று என்று ஒருநாள் இராமநாதனைக் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு எட்டுக் காருக்குப் புது லைனிங் போட்டிருக்கலாம். அதையும் சொன்னேன்.

"இருக்கலாம்," என்றார் இராமநாதன். "ஆனா அதுக்குச் சட்டத்தில இடமில்லையே. நாங்கள் என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

திறப்பு விழாவுக்கு மஹய்யாவ இறக்கத்தில் பந்தல் போட்டார்கள். அரசாங்கத்தில் முதலியார் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பிரதம அதிதி. முதலாம் இலக்கக் கட்டை பட்டுத்துணி விரித்த மேசையில் இருந்தது, அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். நான் கமிட்டியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து வரவேண்டும், பந்தலுக்கு முன்னால் இராமையா கட்டையை வைத்துக் காரை நிறுத்திக்காட்ட வேண்டும். அவனுக்குப் பச்சைத் தொப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள்.

அவன் கட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பெருவிரலால் தேய்த்தான். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "மொதலாளி, இது வழுக்குதுங்க. என்னோட பழைய கட்டை வண்டியில கெடக்கு. அதையே போட்டுக்கிறேனே."

நான் இராமநாதனைப் பார்த்தேன். முத்திரையில்லாத கட்டை விழாவில் கூடாது என்று அவர் தலையை ஆட்டினார். ஹாஜியார் முதலியாருக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு மட்டும் இராமையா," என்றேன்.

"சரிங்க மொதலாளி."

அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். காரை எடுக்கமாட்டேன் என்று இறங்கி நின்றிருக்கலாம். அப்போது எனக்கு லைனிங் மட்டுமே நினைவாக இருந்தது. விழா நல்லபடி முடிந்தால் ஹாஜியார் மனம் இளகுவார் என்று எண்ணினேன்.

மேலே போய்க் கமிட்டியை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். இராமையா எப்போதும்போலக் குதித்தான், ஓடினான், வைத்தான். சக்கரம் ஏறிய உடனே பச்சைக் கட்டை வழுக்கி முன்னால் ஓடிற்று. காரில் ஆறு பேரின் பாரம். கீழே பந்தலில் சனம். அவன் கட்டையைத் துரத்திப் போய்க் காலாலேயே மறுபடியும் சக்கரத்துக்குள் தள்ளினான். கார் நின்றது. பந்தலில் இருந்தவர்களுக்குக் கார் நின்றது மட்டும்தான் தெரிந்தது. எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். முதலியாரும் தட்டினார். நான் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் காரை நிறுத்தியிருந்தது எது என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

சங்கம் அவசரக் கூட்டம் கூட்டிற்று. முதலாம் இலக்கக் கட்டை பிளந்துபோனதற்கான காரணத்தை விசாரிக்க மூவர் கொண்ட குழு நியமிக்கப்பட்டது. இராமையாவுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் நினைவூட்டினேன். அதன் பிறகு கதிரைகளில் இருந்துகொண்டார்கள்.

மோட்டார் பரிசோதகர் ஒருவர் விசாரணைக்கு வரப்போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று ஹாஜியார் என் வீட்டுக்கே வந்தார். சங்கம் தொடங்கியபின் அவர் என் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. இராமநாதனும் கூட வந்தார். இரண்டு கடதாசிகள் கொண்டுவந்திருந்தார்கள்.

"பிரேக் இல்லாத காரை ஓட்டினேன்டு நீயே படிவத்துல எழுதிக் கையெழுத்து வச்சீக்கிறாய்," என்றார் ஹாஜியார், பாசத்தோடு. "அது பரிசோதகர்ட கையில போனா ஒன்ட லைசன் போகும். மறியலுக்கும் போய்க் கம்பி எண்ணுவாய். நான் ஒன்னைய விட்டுக்குடுப்பேனா? அந்தப் படிவத்த நான் பத்திரமா வச்சீக்கிறேன். நீ இதுல கையெழுத்து ஒண்டு வை."

முதல் கடதாசியில் இருந்தது: விபத்து நடந்த தினத்தில் எனது வாகனத்தின் பிரேக் நல்ல நிலையில் இருந்தது. கிளீனர் இராமையா எவரும் பணிக்காமல், சுய விருப்பத்தின்பேரில், சக்கரத்துக்குள் காலை வைத்தார். இரண்டாவது கடதாசியில் இருந்தது: எனது வாகனத்தின் பிரேக் முழுவதும் தேய்ந்துள்ளதைக் கமிட்டி ஏகமனதாக ஏற்று, புது லைனிங் போடுவதற்கு நாற்பத்திரண்டு ரூபாய் வழங்குகிறது.

"ரெண்டும் ஒண்டுக்கொண்டு முரணாத்தான் கிடக்கு," என்றார் இராமநாதன். "வேற வேற பைல் கோவையில வைச்சாச் சரி."

நான் சேற்றிலிருந்து இழுத்தெடுத்த மனிதன் என் கதிரையில் இருந்து, என் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டு, என்னை மிரட்டிக்கொண்டிருந்தான். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி ஏமாற்றியதில்லை. அவனை இழுத்தெடுத்த அதே கையாலேயே இரண்டிலும் கையெழுத்து வைத்தேன். உள்ளே மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். றமீஸா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபின் அவள் வந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்துப் போனாள்.

பாஸ் லைனிங் போட்டுத் தந்தார். அருமையான வேலை. நிதியிலிருந்து போன முதலாவது பணம் அதுதான், அடுத்த ஆண்டறிக்கையில் அதைத் தடித்த எழுத்தில் அச்சடித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து இராமையா கக்கத்தில் கோலோடு அக்குறணைக்கு வந்தான். பஸ்ஸில் வந்திருந்தான். அவனுடைய பெண்சாதி பாலம்மாவின் கூலி மட்டும் வீட்டுக்குப் போதவில்லை. ஒரு பெட்டிக்கடை போட சங்கத்தில் உதவி கேட்டு மனுக் கொடுத்திருந்தான், அன்றைக்கு விசாரணை.

"நீங்க பக்கத்துல நின்னா போதுங்க மொதலாளி. நடந்தத நீங்கதான பாத்தீங்க," என்றான்.

சொல்லியிருக்கலாம். அக்குறணையிலிருந்து மஹய்யாவைக்கு நாலைந்து மைல் இருந்தது, ஒவ்வொரு மைலிலும் நான் கையெழுத்து வைத்ததைச் சொல்லியிருக்கலாம். அவன் முன் ஆசனத்தில் என் பக்கத்தில் இருந்தான். பாலத்தடியில் மாடு ஒன்று குறுக்கே வந்தது, மிதித்தேன், கார் அசையாமல் நின்றது. அவன் முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தான். "நல்லா புடிக்குதுங்களே. இப்பதான் எனக்கு நிம்மதி."

மேல்மாடியில் இராமநாதன் மனுவை வாசித்தார். பிறகு என் கடதாசியை வாசித்தார். திகதியோடு, சாட்சிகளோடு, என் பெயரோடு, என் தகப்பன் பெயரோடு வாசித்தார். யாழ்ப்பாணத்தார் உச்சரிப்பு சுத்தம், ஒரு சொல்லும் தப்பவில்லை.

ஹாஜியார் இரண்டு கையையும் விரித்தார். "ஒன்ட மொதலாளியே சொல்றாரு, இராமையா. சங்கம் என்ன செய்யிற?"

இராமையா என்னைத் திரும்பிப் பார்த்தான். "இது நீங்க வச்ச கையெழுத்துங்களா மொதலாளி?"

"ஆமா," என்றேன்.

"அப்ப சரிங்க," என்று சொல்லி எழுந்தான்.

படிகளில் அவனைப் பிடித்து இறக்கப் போனேன். கோலை மறு கைக்கு மாற்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினான். காரின் கதவைத் திறந்து வைத்தேன். அவன் அதைக் கடந்து இறக்கத்தில் நடக்கத் தொடங்கினான். அவனுடைய வீடு கீழே இருந்தது.

நான் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் நாலு அடி வைப்பான், மூச்சு வாங்க நிற்பான். நான் பிரேக்கை மிதிப்பேன், கார் நிற்கும். மறுபடி நாலு அடி. மறுபடி மிதிப்பேன். ஒரு தடவைகூடக் கார் என்னை ஏமாற்றவில்லை. பாதி இறக்கத்தில் அவன் நின்று, ஓரமாக ஒதுங்கி, திரும்பினான். ஏறப்போகிறான் என்று நினைத்துக் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"போங்க மொதலாளி," என்றான். "நீங்க முன்னால போங்க. பின்னால வண்டி இருந்தா எனக்குக் கால் கூசுது."